பஸ் வருமா

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தாறு.
காலை ஆறேகாலுக்கு நகரத்துத் தாய்தகப்பன்மார் எல்லோரும்
போர்வைக்குள்ளிருந்து ஒரே கேள்வியை அனுப்புகிறார்கள்:
இன்றைக்குப் பள்ளிக்கூட பஸ் வருமா?

பதில் ஒற்றைச் சொல்.
வரும். இல்லாவிட்டால், வராது.

அந்த ஒற்றைச் சொல்லுக்காகப்
போன வருஷம் வரை எங்கள் சர்வர் செய்த சடங்கைக் கேளுங்கள்.
டேட்டாபேஸின் கதவைத் தட்டும்.
யாரது?
பெயர் சொல்லும். பாஸ்வேர்ட் சொல்லும்.
எந்த எழுத்தில் எழுதலாம்,
இரகசியம் காக்க எந்தப் பூட்டு,
எல்லாம் பேசித் தீர்த்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து,
பஸ் வருமா?
வராது.
நல்லது, போய்வருகிறேன் என்று கதவைச் சாத்தும்.
உடனே அடுத்த தகப்பனுக்காக
அதே கதவு, அதே யாரது.

தாலி கட்ட ஒரு நிமிஷம்,
மாப்பிள்ளை அழைப்பு மூன்று நாள்.

பொஹ்தான்தான் முதலில் சொன்னான்.
அவனுடைய அப்பா டிப்போவில் மெக்கானிக்.
இந்தக் குளிரில் சில எஞ்சின்களை
இரவு முழுக்க அணைப்பதில்லையாம்.
அணைத்தால் விடியக் கிளப்ப ஒரு மணித்தியாலம்,
சில வேளை கிளம்பவே கிளம்பாது.
திறந்த இணைப்பை ஏன் மூடுகிறாய் என்றான்,
டோனட் சீனியை என் கீபோர்டில் உதிர்த்தபடி.

மூடவில்லை.
இருபது இணைப்புகளைத் திறந்தே வைத்தோம்.
வருகிறவர் ஒன்றை எடுப்பார், கேட்பார்,
எடுத்த இடத்தில் வைப்பார்.
ஒரு கையின் சூடு ஆறுமுன் அடுத்த கை.
இருபத்தோராவது ஆள் நிற்க வேண்டும்தான்,
நின்றாலும் கண் சிமிட்டும் நேரம்.
நூறாகத் திறந்தால் என்ன என்றேன்.
டேட்டாபேஸுக்கும் மூச்சு வாங்கும் என்றான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், எல்லாம் நின்றது.
நகரம் முழுக்க வெள்ளைத் திரை.
டேட்டாபேஸ் சும்மாதான் இருந்தது,
கொட்டாவிகூட விட்டிருக்கும்.
இருபதும் இரவல் போயிருந்தன.
ஒன்றும் திரும்பவில்லை.
ஆயிரக்கணக்கான பேர் வரிசையில்,
வெறும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு.

யார் எடுத்தது?
தேடிப்போனால் என் பெயர்.
வழித்தட எண் தவறாக வந்தால்
மன்னிப்புக் கேட்டு வெளியேறும் ஒரு வரி,
கையிலிருந்ததை வைக்காமலே வெளியேறியிருக்கிறது.
நவம்பரில் எழுதியது.
மூன்று நாளுக்கு ஒன்றாக, சத்தமில்லாமல்.

இரவல் புத்தகம் திருப்பித் தராதவர்களைப் பற்றி
நான் எவ்வளவு பேசியிருக்கிறேன்.

திருத்தமும் ஒரு வரிதான்:
பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி,
போகும்போது வைத்துவிட்டுப் போ.

பொஹ்தான் இன்னொன்றும் சேர்த்தான்.
சும்மா கிடக்கும் இணைப்பு சொல்லாமல் செத்துப்போகுமாம்.
நடுவழியில் ஏதோ ஒரு பெட்டி அதை மறந்துவிடுமாம்.
ஆகவே அரை நிமிஷத்துக்கு ஒரு தரம்
ஒன்று சொல், என்கிறோம்.
ஒன்று, என்கிறது டேட்டாபேஸ்.
அவ்வளவுதான் பேச்சு.

நிமலன் இன்றிரவு லொறியில் தண்டர் பே போகிறான்.
போன் என் லாப்டாப்புக்குப் பக்கத்தில், துண்டிக்காமல்.
கதைக்க ஒன்றும் இல்லை.
இருந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை
சண்டையாகவே கதைத்து முடித்துவிட்டோம்.
கெனோராவுக்குக் கிட்ட சிக்னல் மெலிந்தது.
முழிப்பா? என்றேன்.
ம், என்றான்.

ஆறு பதின்மூன்று.
மகளின் பூட்ஸ் ஹீட்டர் அருகே காய்கிறது.
நானும் எல்லோரையும்போல லாப்டாப்பில் கேட்கிறேன்.
பன்னிரண்டு மில்லிசெக்கனில்,
வராது.

கேட்டதா, பிள்ளைக்கு இன்றைக்கு பஸ் இல்லை, என்கிறேன்.
கனநேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு,
ம்.